பூட்டி அனுப்பவா, பிரித்து அனுப்பவா? மரச்சாமான் ஏற்றுமதியில் நான்கு வழிகள்

வெளிநாட்டு ஆர்டர் கைக்கு வந்ததும் பட்டறையில் மரம், பாலிஷ், விலை என்று மணிக்கணக்கில் பேச்சு நடக்கும். சாமான் எந்த நிலையில் பெட்டிக்குள் போகும் என்ற பேச்சு மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். கப்பல் வாடகை, எந்திரச் செலவு, ஆள் கூலி, பின்னால் வரும் புகார் ஆகிய நான்கையும் தீர்மானிப்பது அந்த ஒரு விஷயம்தான். மாதிரி ஒப்புதலான பிறகு அதை மாற்றப்போனால் வரைபடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

வழிகள் நான்கு. பாகங்களையெல்லாம் சேர்த்துச் சாமானை முழுதாகப் பூட்டி அனுப்பலாம். கால், சட்டம் போன்ற ஓரிரண்டு பாகங்களை மட்டும் கழற்றி, பாதி பிரித்த நிலையில் அனுப்பலாம். துண்டு துண்டாகப் பிரித்துத் தட்டைப் பெட்டியில் அடுக்கி அனுப்பலாம். அல்லது சாமானே செய்யாமல் கால், பலகை, கம்பு என்று பாகங்களை மட்டும் விற்கலாம்.

முழு மரத்தில் வேலை செய்யும் சிறு, நடுத்தரப் பட்டறைகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வழிதான் ஒத்துவரும் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் மொத்தச் சாமானுக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுக்காமல், மூட்டு மூட்டாகப் பார்த்து எடுப்பது நல்லது. இடத்தை அடைக்கும் மூட்டு எது, சுமை தாங்கும் மூட்டு எது என்று முதலில் பிரியுங்கள். இடத்தை அடைப்பதைப் போல்ட்டுக்கு விடலாம். சுமை தாங்குவதைப் பட்டறையிலேயே பசை வைத்து ஒட்டிவிட வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே மூட்டு செய்தால்தான் சிக்கல். நாற்காலி அந்த ரகம்.

காற்றுக்குக் கட்டும் வாடகை

40 அடி நீளமுள்ள, உயரம் கூடிய ரகக் கன்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 12.03 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.69 மீட்டர் உயரம். கணக்குப்படி 76 கன மீட்டர். அட்டைப்பெட்டிகளை அடுக்கினால் 65 நிறைந்தாலே நல்ல அடுக்கு. கதவு வாசலின் உயரம் 2.58 மீட்டர்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கும் அடுக்கு வாசல் வழியாக நுழையாமல் போவது வாடிக்கையாக நடக்கும் தவறு.

180 × 90 செ.மீ. சாப்பாட்டு மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 76 செ.மீ. முழுதாகப் பூட்டிப் பெட்டியில் வைத்தால் வெளியளவு 186 × 96 × 80 செ.மீ., அதாவது 1.43 கன மீட்டர். 65-ஐ 1.43-ஆல் வகுத்தால் 45 மேசை வரும். உண்மையில் உள்ளே போவது 36தான்: நீளவாக்கில் 6, அகலவாக்கில் 2, உயரத்தில் 3. அகலத்தில் மீதமாகும் 43 செ.மீ. சந்துக்கும் நீங்கள்தான் வாடகை கட்டுகிறீர்கள்.

அதே மேசையின் நான்கு கால்களைக் கழற்றிப் பலகைக்கு அடியில், சட்டங்களுக்கு நடுவே படுக்க வைத்தால் பெட்டியின் தடிமன் 14 செ.மீ. ஆகிறது. கன அளவு 0.25. படுக்க வைத்தே அடுக்கினால் 6 × 2 × 19, மொத்தம் 228. ஆனால் மேசை ஒன்று பெட்டியோடு 52 கிலோ என்றால் அடியில் கிடக்கும் பெட்டியின் மேல் 18 மேசை, 936 கிலோ ஏறுகிறது. அட்டை நசுங்கும், பாலிஷில் அச்சுப் பதியும். பெட்டிகளை நீள விளிம்பில் நிறுத்தினால் அகலத்தில் 16, உயரத்தில் 2, நீளத்தில் 6 என்று 192 நிற்கும். மேலே மிஞ்சும் 77 செ.மீ. உயரத்தில் ஐந்தடுக்கு படுக்க வைத்தால் இன்னும் 60. வாசலையொட்டிய கடைசி வரிசையில் மேலடுக்கு ஒன்று குறையும். ஏறக்குறைய 250 என்று வைத்துக்கொள்ளலாம்.

கன்டெய்னர் வாடகை 4,500 என்றால் (எந்த நாணயமானாலும் சரி) பூட்டிய மேசை ஒன்றின் மேல் 125 ஏறுகிறது. கால் கழற்றிய மேசையின் மேல் 18. எட்டு போல்ட்டும் நான்கு இரும்புத் தகடும் செய்யும் வேலை இது. வாடகை மூன்று மடங்காக ஏறும் ஆண்டுகளில் (2021 அப்படிப்பட்ட ஆண்டு) முதல் வகைச் சாமானின் விலை அந்தச் சாமானுக்கே பொருந்தாமல் போய்விடும். இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்க மதிப்பில் கப்பல் வாடகையும் சேரும், அமெரிக்காவில் சேராது. வரி உள்ள சாமானை ஐரோப்பாவுக்குப் பூட்டி அனுப்பினால் காற்றுக்கும் சேர்த்து வரி.

இப்படியே போனால் எல்லாவற்றையும் துண்டு துண்டாக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கே எடை குறுக்கே வந்து நிற்கிறது. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு (மர நாரையும் மரத்துகளையும் பசையோடு அழுத்திச் செய்தவை) பலகைகளைத் தட்டையாக அடுக்கிய பெட்டி கன மீட்டருக்கு 550 கிலோ வரை கனக்கும். 65 கன மீட்டர் நிரப்பினால் 35 டன்னைத் தாண்டும். 40 அடிக் கன்டெய்னர் தாங்குவதோ 26 முதல் 28 டன். அமெரிக்கச் சாலைகளில் லாரி, சேசிஸ், கன்டெய்னர், சரக்கு எல்லாம் சேர்ந்து 80,000 பவுண்டு என்ற வரம்பு இருப்பதால், சரக்கு 20 டன்னை ஒட்டியே நின்றுவிடும். அதாவது 36 கன மீட்டர் நிறைந்ததும் பாதிப் பெட்டி காலியாக இருக்கும்போதே எடைக் கணக்கு முடிந்துவிடுகிறது. அலமாரியை அதற்கு மேல் எவ்வளவு தட்டையாக்கினாலும் வாடகையில் காசு குறையாது. இந்தக் கணக்கைப் போடாமலே முழுப் பிரிப்புக்கு எந்திரம் வாங்கியவர்கள் உண்டு.

மூட்டு மூட்டாக

கட்டிலில் விவாதமே இல்லை. தலைப்பலகையையும் கால்பலகையையும் பட்டறையில் ஒட்டி முடித்து, பக்கச் சட்டங்களைப் போல்ட்டில் விடுவதுதான் எங்கும் வழக்கம். பூட்டிய கட்டிலை யாரும் கேட்பதும் இல்லை.

மேசையில் காலும் சட்டமும் சேரும் மூலைதான் இடத்தை அடைக்கிறது. அங்கே இரும்பு மூலைத்தகடும், ஒரு பக்கம் மரத்துக்கான மரையும் மறுபக்கம் நட்டுக்கான மரையும் உள்ள எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட்டும் போதும். காலுக்கு ஒரு போல்ட் போட்டு மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு புகாரில் அந்தக் காசை விடுகிறார்கள், இரண்டு போடுங்கள். காலில் போடும் துளை சிறிதானால் கால் பிளக்கும். பெரிதானால் மரை பிடிக்காமல் சுற்றும். எம்8-க்கு 6 முதல் 6.5 மி.மீ. துளையில் தொடங்கி, அதே மரத்தின் வெட்டுத் துண்டில் பத்து முறை முடுக்கிப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். பலகையைச் சட்டத்தோடு நேர் ஸ்க்ரூவில் இறுக்கவே கூடாது. அகலவாக்கில் நகர இடம் தரும் நீள்துளையிலோ, இரும்புக் கிளிப்பிலோதான் பிடிக்க வேண்டும். ஏன் என்பது ஈரத்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

நாற்காலியில் பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தைப் பாருங்கள். உட்கார்ந்தவர் பின்னால் சாயும்போது முழு நெம்பும் அங்கேதான் விழுகிறது. கட்டையின் முனையில் செதுக்கிய கழுந்தைத் துளையில் இறக்கி, பசை வைத்து, மூலையில் ஒரு கட்டையும் கொடுத்தால் அந்த மூட்டு பல வருடம் அசையாது. அதையே போல்ட்டில் விட்டால், போய்ச் சேரும் ஊரின் காய்ந்த காற்றில் மரம் சுருங்கும். போல்ட்டின் இறுக்கம் போய்விடும். ஆறு மாதத்தில் நாற்காலி ஆடும். வாங்கியவர் ஆலன் சாவியை (அறுகோண முனைச் சாவி) எடுத்து மறுபடி முடுக்குவார் என்று நம்பிச் சாமான் செய்யக் கூடாது. ஐரோப்பாவில் வீட்டு நாற்காலிகளுக்கான இ.என். 12520 தரம், இருக்கையையும் முதுகையும் ஆயிரக்கணக்கான முறை அழுத்திப் பார்க்கிறது. அந்தச் சோதனையில் நாற்காலி பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது இந்த மூட்டில்தான்.

ஆனால் நாற்காலிதான் கன்டெய்னரில் அதிகக் காற்றை ஏற்றிச் செல்லும் சாமானும்கூட. 45 × 52 × 90 செ.மீ. நாற்காலி தனிப்பெட்டியில் 0.26 கன மீட்டர், 65-க்கு 250தான். முழுதாகப் பிரித்து இரண்டிரண்டாகத் தட்டைப் பெட்டியில் வைத்தால் ஒன்றுக்கு 0.05, 1,300. நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒன்றைக் கவிழ்த்து, இருக்கையோடு இருக்கை சேர்த்து, ஒரு பெட்டியில் இரண்டு வைத்தால் ஒன்றுக்கு 0.155, ஏறக்குறைய 420 போகும். மூட்டு எதையும் தொடாமல் கிடைக்கும் லாபம் அது. விலை கூடிய நாற்காலிக்கு இதையே செய்வோம். விலை குறைந்த நாற்காலிக்கு, முன்கால் இரண்டையும் ஒரு சட்டமாகவும் பின்கால் இரண்டையும் முதுகோடு இன்னொரு சட்டமாகவும் ஒட்டிவிட்டு, பக்கச் சட்டங்களை மட்டும் எம்6 போல்ட், உருளை நட் வைத்துப் பிரிக்கலாம். ஒரு மூட்டுக்கு ஒரு போல்ட்டும் ஒரு மர ஆணியும் கட்டாயம்; போல்ட் இழுக்கும், மர ஆணி திரும்பாமல் பிடிக்கும். பிரம்பு நாற்காலியைப் பிரிக்கவே முடியாது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி வடிவத்தையே வரைவதுதான் அதற்கு வழி.

அலமாரி, புத்தக அடுக்கு, இழுப்பறைப் பெட்டி ஆகியவை பலகை வகையாக இருந்தால் முழுப் பிரிப்புக்கே பொருத்தமானவை. துளைகளுக்கு 32 மி.மீ. இடைவெளி முறை, 8 மி.மீ. மர ஆணி, 15 மி.மீ. கேம் லாக் (திருப்பினால் இறுகும் வட்டப் பூட்டு) என்று எல்லாம் தரப்படுத்தப்பட்டு வந்துவிட்டன. அங்கே பிழைக்கு இடமும் கிடையாது. 16 மி.மீ. பலகையில் கேம் குழியின் ஆழம் 12.5 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் மிச்சம் 3.5 மி.மீ. ட்ரில்லின் முனை மழுங்கினாலோ, பலகையின் தடிமன் அரை மில்லிமீட்டர் கூடக்குறைய வந்தாலோ, வெளிப்பக்க லேமினேட்டில் சிறு கொப்புளம்போல் மேடு எழும். மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவினால் தெரியும்.

ஈரம்

பட்டறையில் காற்றின் ஈரம் 80 சதவீதம் என்றால் மரம் தானாகவே 16 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். 65 சதவீதக் காற்றில் 12. குளிர்காலத்தில் சூடேற்றிய வீடுகளில் காற்றின் ஈரம் 30-க்கும் கீழே போகும். அங்கே மரம் 6 சதவீதத்துக்கு இறங்கும். வெப்ப மண்டலத்தில் செய்து குளிர்நாட்டில் விற்கும் சாமான் எல்லாவற்றுக்கும் இந்தப் பள்ளம் உண்டு.

ரப்பர் மரம் முழு ஈரத்திலிருந்து முழு உலர்வு வரை குறுக்குவாக்கில், அதாவது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், 5.1 சதவீதம் சுருங்கும். ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் ஏறக்குறைய 0.17. அப்படியானால் 90 செ.மீ. அகல மேசைப் பலகை 12-லிருந்து 7-க்கு இறங்கும்போது 7 மி.மீ.க்கு மேல் சுருங்கும். தேக்கு உறுதியான மரம் என்ற பெயரை வைத்துக்கொண்டு இதே கணக்கில் 8 மி.மீ.யைத் தாண்டும். பலகையைச் சட்டத்தோடு ஸ்க்ரூவில் இறுக்கியிருந்தால் அந்த 7 மி.மீ. எங்கே போகும்? பலகையின் நடுவே விரிசலாக வெளிவரும். புகைப்படம் மின்னஞ்சலில் வரும், பெரும்பாலும் சனவரியிலோ பிப்ரவரியிலோ.

பிரித்து அனுப்பும்போது ஈரம் இன்னும் கொடுமை செய்யும். முழு மரப் பலகை ஒன்றில் குறுக்குவாக்கில் 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு மர ஆணித் துளைகள் இருக்கின்றன. எதிர்ப்பாகத்தில் அதே இடைவெளி நீளவாக்கில் இருக்கிறது. நீளவாக்கில் மரம் நகராது. குறுக்குவாக்கில் 3 சதவீத ஈரம் குறைந்தாலே 1.5 மி.மீ. மாறும். 8 மி.மீ. ஆணி இறங்காது. பூட்டி ஒட்டிய சாமானில் இதே நகர்வு மெல்லிய கோடாகவோ சிறு வளைவாகவோ தெரியும். பிரித்த சாமானில் வாங்கியவர் கையில் சுத்தியலை எடுப்பார். முழு மரத்தை முழுதாகப் பிரிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

நான்கில் எந்த வழியானாலும் மரம் 8 முதல் 10 சதவீதத்தில் இருக்கும்போதுதான் வெட்ட வேண்டும். சீசனிங் செய்த (உலர்த்திப் பதப்படுத்திய) மரத்தைத் திறந்த கொட்டகையில் சில வாரம் போட்டுவைத்தால் 12, 13 என்று திரும்ப ஏறிவிடும். செய்த செலவு வீண். உலர்ந்த மரத்துக்கும் பாலிஷுக்குக் காத்திருக்கும் பாகங்களுக்கும் கதவடைத்த, ஈரம் உறிஞ்சும் கருவி ஓடும் அறை ஒன்று வேண்டும். ஈரமானியின் ஊசியைப் பலகையின் தடிமனில் கால் பங்கு ஆழம் வரை இறக்கிப் பாருங்கள். மேற்பரப்பில் வைத்துப் பார்த்தால் நல்ல எண்ணாகவே வரும், உள்ளே 14 இருக்கும். மரத்தின் வகைக்கேற்பக் கருவியில் திருத்தம் வைக்காவிட்டால் அந்த எண்ணும் பொய்.

ரப்பர் மரத்துக்கு இன்னொரு நிபந்தனை: வெட்டிய சில நாட்களிலேயே அறுத்து, அழுத்தத்தில் போரான் கரைசல் ஏற்றி, உலர்த்தலுக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் நீலக்கறை பிடிக்கும். மருந்து உள்ளே ஏறாவிட்டால் உளுக்கும் வண்டு கடல் தாண்டிய பிறகு மாவாகக் கொட்டும். அது ஒரு சாமானோடு நிற்காது. கன்டெய்னர் முழுதும் புகாராகும்.

கப்பலில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது கன்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். 1 கிலோ கால்சியம் குளோரைடு பைகள் 8 முதல் 12 வரை தொங்கவிடுவது வழக்கம். ஏற்றும் முன் ஒருவர் உள்ளே நிற்க, வெளியிலிருந்து கதவைச் சாத்துங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். லாக்கர் அடித்து இரண்டு மூன்று நாள் முழுதாகக் காயாமல் ஃபோம் தாளில் சுற்றினால் தாளின் கண்ணிகள் பாலிஷில் அச்சாக விழும். கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில் நடப்பது இது.

எந்திரமும் கையும்

கூலி குறைந்த, கைவேலை நிறைந்த பகுதிக்கு உலகச் சந்தையில் இருக்கும் பலமே பூட்டும் வேலையும் மெருகும்தான். முழுப் பிரிப்புக்குப் போகும்போது அந்தப் பலத்தை வாங்குபவரின் வீட்டுக் கூடத்தில் விட்டுவிட்டு, நம்மிடம் குறைவாக இருக்கும் துல்லியத்தில் போட்டி போடுகிறோம். துளைகள் 0.2 மி.மீ.க்குள் விழ வேண்டும். ஒரு பாகம் அதே வகையில் எந்தப் பாகத்தோடும் பொருந்த வேண்டும். கணினி எண் கட்டுப்பாட்டு ட்ரில், துளை ஒரே இடத்தில் விழ வழிகாட்டும் சரியான ஜிக், தினமும் கூர் பார்க்கும் ஆள், மின்சாரம் விட்டுவிட்டு வராத இணைப்பு எல்லாம் வேண்டும். பூட்டும் ஆசாரி ஒருவர் இழைப்புளியால் சரிசெய்துவிடும் அரை மில்லிமீட்டரை, பிரித்த சாமானில் சரிசெய்ய யாரும் இல்லை.

ஊர்களைப் பார்த்தாலே இந்தப் பிரிவு தெரியும். ஜாவாவின் ஜெப்பாரா தேக்குச் செதுக்கலுக்குப் பேர்போனது. அங்கே விலை கையில் இருக்கிறது. மலேசியாவின் மூவார் ரப்பர் மரச் சாப்பாட்டு மேசை, நாற்காலித் தொகுப்புகளில் வளர்ந்தது. அங்கே எந்திர வரிசை. சீனப் படுக்கையறை மரச்சாமான்கள் மேல் 2005-இல் அமெரிக்கா குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) போட்ட பிறகு வியட்நாமுக்குப் பெயர்ந்தவை பெரிய தொழிற்சாலைகள். அந்தத் தொழிற்சாலைகளோடு தட்டைப் பெட்டியில் விலைக்கு விலை மோதுவது சிறு பட்டறைக்குத் தற்கொலை.

வாங்குபவர் யார்?

ஓட்டல் திட்டம் என்றால் பூட்டியே கேட்பார்கள். 200 அறைகளில் ஆள் வைத்துப் பூட்டும் கூலி, அவர்கள் நாட்டில், கப்பல் வாடகை வித்தியாசத்தை விழுங்கிவிடும். கடைச் சங்கிலிக்குப் பாதி பிரித்தது போதும்; கடையின் கிடங்கு ஆள் காலை முடுக்கித் தந்துவிடுவார். இணையத்தில் விற்பவர் கூரியரில் போகும் பெட்டி கேட்பார். அந்தப் பெட்டியை மூலை, விளிம்பு, முகம் என்று பல கோணத்தில் கீழே போட்டுப் பார்க்கும் ஐ.எஸ்.டி.ஏ. 3ஏ சோதனை முடிந்துதான் ஆர்டர் உறுதியாகும். அங்கே பெட்டியின் மூலைக் காப்புக்கும் தேன்கூட்டு அட்டைக்கும் ஆகும் செலவை விலையில் சேர்க்க மறக்காதீர்கள். கன்டெய்னர் நிறையாத சிறு ஆர்டரைப் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது பெட்டி ஐந்தாறு இடத்தில் கைமாறும். பூட்டிய சாமானை அப்படி அனுப்பவே கூடாது.

தாள்கள்

பிரித்து அனுப்பினால் வரித் தலைப்பு மாறிவிடும் என்று ஒரு பயம் உண்டு. ஒரே சரக்கில் எல்லாப் பாகங்களும் சேர்ந்து போனால், பிரித்த மேசையும் மேசைதான்; சுங்க வகைப்பாட்டின் பொது விதி 2(அ) அதைத்தான் சொல்கிறது. இருக்கைகள் 9401, மற்ற மரச்சாமான் 9403. பாகங்களை மட்டும் தனியாக விற்றால் மர இருக்கைப் பாகத்துக்கு 9401.91, மற்றதற்கு 9403.91, இவை 2022 திருத்தத்தில் வந்தவை. பலகை ஒரு கன்டெய்னரிலும் கால் அடுத்த கன்டெய்னரிலும் போனால்தான் குழப்பம். சாமானின் வகையைப் பொறுத்தும் வரி மாறும்: 2025 அக்டோபரில் அமெரிக்கா மெத்தை தைத்த மர இருக்கைகளுக்குத் தனியாக 25 சதவீதம் போட்டது. மெத்தை இல்லாத நாற்காலி அந்த வரிக்குள் வரவில்லை. விலைப்புள்ளி தரும் அன்றே வாங்குபவரின் சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மரம் எங்கே வெட்டப்பட்டது என்ற கேள்வி நான்கு வழிக்கும் பொது. திருட்டு மரத்தைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்ட அறிவிப்பில் மரத்தின் அறிவியல் பெயர், வெட்டிய நாடு, அளவு, மதிப்பு கேட்பார்கள். 2024 திசம்பர் 1 முதல் மிச்சமிருந்த மரப்பொருள்களுக்கும் அது வந்துவிட்டது. ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம், தோட்டத்தின் புவி அமைவிடத்தையே கேட்கிறது. 2020 திசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தின் மரம் ஆகாது. சட்டம் அமலாகும் தேதி தள்ளிப்போனாலும் வாங்குபவர்கள் இப்போதே கேட்கிறார்கள். சீசம் போன்ற டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 முதல் சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அவற்றுக்குத் தனிச் சான்று வேண்டியிருக்கும்.

பலகை வகைக்கு, பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் வரம்பு வேறு. அமெரிக்காவில் ப்ளைவுட்டுக்கு 0.05, பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்.க்கு 0.11 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). சான்றிதழ் பெற்ற பலகையை வாங்கி, அதன் சீட்டைச் சாமான் எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டும். துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமானால் அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப்2057-23 கவிழ்ப்புச் சோதனை கட்டாயம். பூட்டிய நிலையில்தான் சோதிப்பார்கள். பிரித்து அனுப்பினாலும் பொறுப்பு செய்தவருக்கே. மரப்பலேட், மரச் சட்டம் வைத்துக் கட்டினால் அவற்றில் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பொதியில் பூச்சி பரவாமல் தடுக்கும் விதி) முத்திரை இருக்க வேண்டும், வெப்ப முறை என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும். ப்ளைவுட் பலேட்டுக்கு அது தேவையில்லை.

பாகங்கள் மட்டும்

கடைந்த கால், விளிம்பு ஒட்டிய பலகை, முதுகுக் கம்பு ஆகியவற்றை மட்டும் விற்பது மதிப்பான வேலையாகத் தெரியாது. லாபம் மெலிது, பெயர் கிடைக்காது, விலையைக் கன மீட்டரில் பேசுவார்கள். ஆனால் பாலிஷ் இல்லை, உதிரிப் பை இல்லை, வீட்டுக்காரர் புகார் இல்லை. மரம் உலர்த்தும் சூளையும் நல்ல நான்முக இழைப்பு எந்திரமும் மட்டும் உள்ள பட்டறை, ஏற்றுமதித் தாள்களையும் ஈரக் கட்டுப்பாட்டையும் பழகிக்கொள்ள இரண்டு மூன்று வருடம் இதில் ஓட்டலாம். அதிலேயே தங்கிவிட்டால், வாங்குபவர் அடுத்த நாட்டில் இரண்டு காசு குறைவாகக் கிடைத்ததும் போய்விடுவார்.

ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்

பாதியோ முழுதோ, பிரித்து அனுப்புவதில் அதிகம் வரும் புகார் உடைசல் அல்ல, ஒரு நட் குறைவது. உதிரிப் பையைக் கையால் எண்ணிப் போடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பையையும் ஒரு கிராம் துல்லியத் தராசில் எடை போட்டுப் பாருங்கள். எம்6 போல்ட் ஒன்று குறைந்தால் எடை உடனே காட்டும், 8 மி.மீ. மர ஆணி ஒன்று குறைந்தாலும் பெரும்பாலும் காட்டிவிடும், வாஷர் குறைந்தால் காட்டாமல் போகலாம். அதனால் வாஷரைப் போல்ட்டிலேயே கோத்து அனுப்புங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு நட், ஒரு போல்ட், இரண்டு மர ஆணி கூடுதலாகப் போடும் செலவு, ஒரே ஒரு கூரியர் கட்டணத்தில் வந்துவிடும்.

பிறகு, கட்டி ஒட்டிய பெட்டிகளில் ஏதோ ஒன்றை எடுத்து, பட்டறையில் வேலை செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். கணக்குப்பிள்ளையாக இருக்கலாம், பக்கத்துக் கடைக்காரராக இருக்கலாம். உள்ளே இருக்கும் படத்தாளையும் உள்ளே இருக்கும் சாவியையும் மட்டும் வைத்து அவர் பூட்டட்டும். ஆசாரிகள் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் எந்த இடத்தில் நிற்கிறார், எந்தப் பாகத்தைத் தலைகீழாக வைக்கிறார், எந்த ஸ்க்ரூவைத் தவறான துளையில் முடுக்குகிறார் என்று ஒரு தாளில் குறியுங்கள். இடதும் வலதும் ஒரேமாதிரி தெரிந்தால் பாகத்தில் எழுத்து ஒட்டுங்கள், 40 மி.மீ. போல்ட்டையும் 45 மி.மீ. போல்ட்டையும் அவர் மாற்றிப் போட்டால் வரைபடத்தைத் திருத்தி இரண்டையும் ஒரே அளவாக்குங்கள். மேசைக்கு அவர் 20 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் இன்னொரு மூட்டைப் பட்டறையிலேயே ஒட்டிவிட முடியுமா என்று, வாடகைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி பாருங்கள்.